வெயிலில் காய்ந்த பனியன்

எங்கம்மா திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் பாக்கறாங்க. தையல் கோணிப்போய் ஒதுக்கற செகண்ட்ஸ் பீஸை மலிவா வாங்கி, பட்டாளத்துல எங்க பீரங்கியில இருந்த எல்லாருக்கும் ஒரு பொட்டி நெறைய வெள்ளைப் பனியன் அனுப்பி வெச்சாங்க. சண்டை நடந்திட்டிருந்த நேரம். எல்லையில ஒரு மலையடிவாரத்துல, குழிக்குள்ள பீரங்கியை எறக்கி மேல வலை போத்தி ஒளிச்சு வெச்சிருந்தோம்.

வடக்கத்திப் பசங்க பொட்டியைப் பிரிச்சதும் அப்படியே எடுத்து மாட்டிக்கிட்டாங்க. பீரங்கிக்குக் குண்டு தூக்கிப் போடற, எங்கூர்ப் பக்கத்துக் குன்னத்தூர்க்காரன் மட்டும் மாட்டல. நம்மூர்ல எவன் புதுப் பனியனை அலசாமப் போடறான்? பிளீச்சிங்குல என்னென்ன கருமத்தை ஊத்தறாங்கன்னு நமக்குத்தானே தெரியும். டப்பாத் தண்ணியில அலசி, வலைக்கு வெளிய வெயில்ல காயப் போட்டுட்டான். எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அப்பவே செவுள்ல ஒண்ணு வெச்சிருப்பேன்.

மத்தியானம் தலைக்கு மேல ஒரு ட்ரோன் சுத்திட்டுப் போச்சு. கொஞ்ச நேரத்துல எதிராளி குண்டு எங்களைத் தாண்டி விழுந்துது. அடுத்தது எங்களுக்கு முன்னால விழுந்துது. பீரங்கிக்காரனுக்கு வெளக்கம் வேண்டாம், எதிராளி தூரத்தை அளந்துட்டான், இனி நடுவுல எங்க மேலதான். விட்டுட்டு ஓடவும் வழியில்ல. மலையேறிட்டிருந்த நம்ம ஆளுங்களுக்கு எங்க குண்டை விட்டா வேற தொணை கெடையாது.

எப்படிக் கண்டுபுடிச்சான்னு சுத்தியும் பாத்தப்பத்தான் அந்தப் பனியன் காத்துல ஆடிட்டிருந்துது. குன்னத்தூர்க்காரனும் பாத்துட்டான். மூஞ்சி செத்துப் போச்சு.

"நான் போட்டது, நானே எடுத்துட்டு வந்தர்றேன்"னான்.

இனி எடுத்து என்னடா ஆகப்போகுது, உக்காருன்னு கையைப் புடிச்சேன். உதறிட்டுப் போனான். மூணாவது குண்டு அவன் நின்ன எடத்துல விழுந்துது. குழிக்குள்ள எங்க மேல மண்ணுதான் கொட்டுச்சு. அவனைத் தூக்கப் போகாம சுட்டுக்கிட்டே இருந்தோம். கிறுக்கன், இப்ப நெனச்சாலும் எனக்கு அழுகைக்கு முன்னால கோவந்தான் வருது.

சேதி ஊருக்குப் போறதுக்குள்ள அம்மா போன்ல வந்துட்டாங்க. நாங்க எதுவும் சொல்லக்கூடாதுன்னு உத்தரவு. அளவெல்லாம் சரியா இருந்துதான்னு கேட்டாங்க. இருந்துதுங்கம்மான்னேன்.

"அந்தக் குன்னத்தூர்ப் பையன் போட்டுப் பாத்தானா கண்ணு? ஆளு ஒசரம்னு சொன்னியே, அவனுக்குன்னே பெரிய சைஸா தேடி எடுத்தேன்."

"அலசிக் காயப் போட்டிருக்கானுங்கம்மா"ன்னேன்.