அந்தோனியாருக்கு எழுதிய விலாசம்

இதை எழுத வருடக்கணக்காகத் தயங்கினேன். என் மகன் இன்னும் வெளிநாட்டில் விசா இல்லாமல்தான் இருக்கிறான்.

அப்படி இருப்பவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லி, பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை எங்கள் முல்லைத்தீவு வீட்டுக்கு வந்தார். மெலிந்த உருவம், வெயிலில் கறுத்த முகம். எழுதும் ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டி, "சரியோ அம்மா?" என்று கேட்பார்.

செவ்வாய்தோறும் அந்தோனியார் கோவில் பெட்டியில் மகனுக்காக மன்றாட்டு எழுதிப் போடுவேன். அன்றைக்கு எழுதியதை அந்தப் பிள்ளைக்குக் காட்டினேன். மகன் இடம் மாறியிருந்தான். தொலைந்ததைத் தேடித் தரும் புனிதரான அந்தோனியார் பழைய இடத்தில் தேடக்கூடாதே என்று பெயர், புது விலாசம், வேலை செய்யும் கடை எல்லாம் எழுதியிருந்தேன்.

அந்தப் பிள்ளை திடுக்கிட்டார்.

"இதைக் கோவிலில சத்தமாய் வாசிப்பினமெல்லே? பூசையைப் பேஸ்புக்கிலயும் விடுகினம். ஆராவது அங்கத்தைப் பொலிசுக்கு அறிவிச்சால் உங்கட மகனைப் பிடிச்சு அனுப்பிப்போடுவாங்கள். அந்தோனியாருக்கு விலாசம் தேவையில்லை அம்மா."

"அவருக்கே தேவையில்லையெண்டால் உங்களுக்கு என்னத்துக்குப் பிள்ளை?"

சிரித்தார். பிறகு தன் கொப்பியை எடுத்து, நான் சொல்லியிருந்த நாடு, நகரம், கடை எல்லாவற்றையும் தெரியாதபடி மையால் அழித்தார். மிஞ்சியதை வாசித்தார்: "ஒரு தாய். மகனைக் கண்டு ஒன்பது வருசம்."

"உங்கட படிப்புக்கு இவ்வளவு காணுமோ?"

"காணாதுதான் அம்மா," என்று கொப்பியை மூடினார்.

பிறகு அவரை நான் காணவில்லை. இப்போது மன்றாட்டில் அந்தப் பிள்ளையையும் சேர்க்கிறேன், விலாசம் இல்லாமல்.

இதை மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஆனால் தெரிந்தவர்போல ஒரு பெயரையோ நாட்டையோ தயவுசெய்து சேர்த்துவிடாதீர்கள்.