சங்குக் கிட்டங்கியில் எடுத்த பத்தாவது பாட்டு

இது எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் எபனேசரிடம் டேப்பை வாங்கிப் போட்டுப் பாருங்கள். கொடுக்க மாட்டான், அது வேறு விஷயம்.

எபனேசர் எங்கள் பக்கத்து வீடு. துறைமுக ஆபீஸில் டைப்பிஸ்ட். சொந்தமாகப் பாட்டு எழுதி, தாலாட்டைவிட மெதுவாகப் பாடுவான். பாடுகிறானா, பல்வலியா என்று சந்தேகம் வரும். பத்துப் பாட்டு அனுப்பினால் இசைத்தட்டு போடுவதாக மெட்ராசிலிருந்து ஒரு கம்பெனி எழுதியிருந்தது. வீட்டுக்குப் பின்னால், ஒரு காலத்தில் சங்கு மூட்டை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கியில், சுவரெல்லாம் சாக்கும் மெத்தையும் தொங்கவிட்டு ஒன்பதை முடித்துவிட்டான்.

ஒன்பதிலும் பின்னால் ஒரு பெண் ஹம்மிங்.

“நான் மட்டுந்தான் பாடுனேன் அக்கா” என்று சத்தியம் செய்தான். யார் நம்புவது?

1974, பெரிய வெள்ளி. துறைமுகத்துக்கு லீவு. லாரி இல்லை. மாதா கோயில் மணிகூட அடிக்காது. ஊர் வாயை மூடும் ஒரே நாள். பத்தாவது பாட்டை அன்றுதான் எடுப்பான்.

“ஏளா கிருபாபாய், கோயிலுக்கு வரலியா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“தலைவலி.”

மணி 12.10. கிட்டங்கிக்குள் நுழைந்து, மெத்தைக்குப் பின்னால் ஒளிந்தேன். அவன் ஒளித்துக் கூட்டிவரும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் போவதில்லை.

12.25. எபனேசர் வந்தான். தனியாக. டேப் மெஷினைப் போட்டான். பாடினான்.

ஹம்மிங் கேட்டது... என் காதுக்குப் பக்கத்தில்.

வாயைப் பொத்திக்கொண்டேன். கத்தினால் அவன் பதிவு பாழ்.

12.40. கோயிலுக்குக் கிளம்பினான். கதவு. பூட்டு. டக்.

ஹம்மிங் நிற்கவில்லை.

கத்தினேன். கதவை இடித்தேன். சாக்கு எல்லாவற்றையும் குடித்தது. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை...

கழுத்தில் ஈர மூச்சு. உப்பு வாடை.

1.15. ஹம்மிங் நின்றது.

காலடிச் சத்தம். கதவை நோக்கி. பிறகு...

கதவுக்கு வெளியே.

பூட்டு திறக்கவே இல்லை.

3.20க்கு எபனேசர் திறந்தான்.

“அக்கா! இங்கன என்ன செய்யுதிய?”

“பூனையைத் தேடி வந்தேன்.” எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

மறுநாள் கூப்பிட்டான். “மெஷினை நிறுத்த மறந்துட்டேன். கேளுங்க.”

என் கூச்சல் ஒன்றுகூட டேப்பில் இல்லை. அந்தப் பெண்ணின் ஹம்மிங் பாதியில் அறுந்தது. அந்த இடத்திலிருந்து என் குரல். சுருதி சுத்தமாக, மெதுவாக, அதே பாட்டு.

“இம்புட்டு நல்லாப் பாடுவியளா?”

கோயில் பாடகர் குழுவில் என்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்வார்கள்.

அடுத்த பெரிய வெள்ளிக்கு ஸ்ரீவைகுண்டத்தில் தங்கை வீட்டில் இருந்தேன். திரும்பியதும் எபனேசர் வந்தான். பெரிய வெள்ளியன்று கிட்டங்கியில் எடுத்த புதுப் பாட்டாம். டேப்பைப் போட்டான்.

அவன் பாட்டு. பின்னால் என் ஹம்மிங். பாட்டு முடிந்ததும் மூன்று தட்டு. பிறகு என் குரல்...

“தம்பி... கதவைத் தெற.”