அப்பாரு துரத்த மறுத்த பையன்

அந்தப் பையனுக்கு இன்றும் பதினேழு வயதுதான். சென்ற மாதம் சேலத்தில் ஒரு பழைய புத்தகக் கடையிலிருந்து என் மகள் அவனை வாங்கி வந்தாள். அதே கட்டம்போட்ட சட்டை, விரிந்த காதுகள், எண்ணெய்க்கும் சீப்புக்கும் படியாத ஒரு கற்றை முடி. அமெரிக்காவில் அவன் படக்கதை இன்னும் வந்துகொண்டிருக்கிறதாம். வானொலியில் நாடகமாக வந்ததாம், சினிமாவாகவும் எடுத்தார்களாம். மகள் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த முதல் தை மாதத்தில், கொல்லிமலை வாழவந்தி நாட்டில், எங்கள் வீட்டுக் களத்தில் அவன் நாடகமாக வந்தான். அதில் கதாநாயகி நான்.

புத்தகத்தைக் கொண்டுவந்தவர் மாமன், என் அம்மாவின் தம்பி. பட்டாளத்திலிருந்து திரும்பியபோது அவருடைய தகரப்பெட்டியில் ஒரு கம்பளிக்கு அடியில் அது இருந்தது. முகாமில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த வெள்ளைக்காரச் சிப்பாய் கொடுத்தது என்றார்.

மாமன் பட்டாளத்துக்குப் போனது யாரிடமும் சொல்லாமல். சாமை அறுப்பு பாதியில் நிற்க, ஒரு நாள் காலையில் மலையிறங்கிப் போய்விட்டார். அப்போது அவருக்கு என் அத்தையை, அதாவது அப்பாவின் தங்கையை, கொடுப்பதாகப் பேச்சிருந்தது. அப்பாவின் அப்பாவை நாங்கள் அப்பாரு என்போம். அவர் ஊர் கூடியிருந்த இடத்தில் எழுந்து, ஓடிப்போனவனுக்கு என் வீட்டில் பெண் கிடையாது என்று சொல்லிவிட்டார். மாமன் திரும்பிவந்த பிறகு அம்மா மெல்லக் கேட்டுப் பார்த்தாள். ஊர் முன்னால் சொன்ன சொல்லை மாற்ற அப்பாரு தயாராக இல்லை. வேறு இடம் பார்க்க அத்தையும் சம்மதிக்கவில்லை. இவையெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டவை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமன் பக்கத்து ஊரிலிருந்து மத்தியானங்களில் வருவார், களத்தோரம் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரிப்பார் என்பதுதான்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. படத்தைப் பார்த்தே கதை கட்டினார். பையன் அடுத்த வீட்டுப் பெண்ணைப் பார்க்கப் போவான், எதையாவது உடைப்பான். பெண்ணின் அப்பா பெரிய மீசையோடு கம்பை எடுத்துக்கொண்டு துரத்துவார். கதை எப்படிப் போனாலும் கடைசிப் படம் துரத்தல்தான். அதற்காகவே நானும் அண்ணனும் காத்திருப்போம்.

படத்தில் எல்லோருடைய வாயருகிலும் வெள்ளையாக ஒரு வட்டம் இருந்தது. மார்கழிக் காலையில் எங்கள் வாயிலிருந்தும் அப்படித்தான் புகை வந்தது. ஆகவே அந்த ஊர் எங்கள் மலையைவிடக் குளிர் என்றும், வட்டம் பெரிதாக இருப்பவர் அதிகம் நடுங்குகிறார் என்றும் முடிவு செய்தோம். வட்டத்துக்குள் எழுத்து எதற்கு என்று அண்ணன் கேட்டான். அங்கே பள்ளிக்கூடங்கள் அதிகம், மூச்சில்கூட எழுத்து வரும் என்று நான் விளக்கினேன். மாமன் திருத்தவில்லை.

அப்பாரு சற்றுத் தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டிக் கயிறு திரித்துக்கொண்டிருப்பார். கதை கேட்பதாக அவர் காட்டிக்கொண்டதில்லை. ஒரு நாள் மட்டும் திரும்பாமலே கேட்டார்.

“அந்த ஆளு எதுக்குடா தெனமும் அவனை வெரட்டறான்?”

“பொண்ணைக் கேட்டு வாரானுங்க. அதுக்குத்தான்” என்றார் மாமன்.

“இல்லைன்னா வாயில சொல்றது. கம்பு எதுக்கு?”

“வாயில சொல்லிப் பாத்துட்டாருங்க. பையன் கேக்கற மாதிரி இல்லீங்க.”

அப்பாருவின் கை நின்றது. பிறகு கயிறு மறுபடி ஓடியது. வீட்டுக்குள் அத்தை எதையோ கீழே போட்டாள்.

தைப் பொங்கல் நோம்பிக்கு அதை நாடகமாகப் போடலாம் என்று சொன்னது அம்மா. அண்ணன்தான் பையன், நான்தான் பெண். அத்தை இலவம்பஞ்சை உருட்டி மூங்கில் குச்சிகளில் கட்டிக் கொடுத்தாள். பேசும்போது அதை வாயருகே பிடிக்க வேண்டும். பெண்ணின் அப்பாவுக்குத்தான் ஆள் அகப்படவில்லை. அந்த அளவு மீசை ஊரில் ஒருவருக்குத்தான் இருந்தது. அம்மா என்னை அனுப்பினாள்.

“என்ன பண்ணோணும்?” என்றார் அப்பாரு.

“கம்பை எடுத்துட்டு வெரட்டோணும். பேச்சு கெடையாது.”

அவர் வெகுநேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி சாமி” என்றார்.

நோம்பியன்று களம் நிறைந்திருந்தது. ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆரம்பிக்கும் நேரத்தில் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். காலையிலிருந்து அவன் கேட்காமலே அம்மா அவனுக்குக் கச்சாயப் பலகாரம் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேறு வழி தெரியவில்லை என்று சொல்லி, கட்டம்போட்ட துணியை மாமன் தோளில் போட்டுக் களத்துக்குள் தள்ளிவிட்டாள்.

மாமன் நன்றாகவே நடித்தார். வேலியில் தடுக்கி விழுந்தார், பானையை உடைத்தார். பஞ்சுருண்டையை எல்லோரும் வாயருகே பிடித்ததைப் பார்த்துப் பெரியவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பிறகு அப்பாரு கம்போடு வந்தார். மாமன் ஓடத் தயாராக வேட்டியை மடித்துக் கட்டினார்.

அப்பாரு ஓடவில்லை. நடுக்களத்தில் நின்று முன்வரிசையை ஒருமுறை பார்த்தார். கம்பைக் கீழே போட்டார். என் கையிலிருந்த பஞ்சுருண்டையை வாங்கித் தன் மீசைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

“ஒருக்கா ஓடுனது போதும்” என்றார். “உக்காருங்க, மாப்ள.”

மாமன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அதுவரை அவரை அப்பாரு ‘டா’ போட்டுத்தான் பேசுவார். சோறு போடச் சொன்னபோது அப்பாரு என்னைத் தாண்டி, பெண்கள் கூட்டத்தில் நின்ற அத்தையைப் பார்த்துச் சொன்னார். பெண் நான்தானே, சோறு போட வேண்டியது நானல்லவா என்று எனக்கு அழுகை முட்டியது. அத்தையோ அந்த வேடம் தனக்கே வாய்த்ததுபோல் தலையைக் குனிந்துகொண்டு இலையோடு வந்தாள். முன்வரிசையில் ஒருவர், நாடகத்தில் சொன்ன சொல் செல்லுமா என்று கேட்டார். அப்பாரு பஞ்சுருண்டையை இறக்காமலே, செல்லும் என்றார். களமே சிரித்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்பதை என்னால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மகள் வாங்கி வந்த புத்தகத்தில் அதே கதையும் இருந்தது, எனக்கு வாசித்துக் காட்டினாள். பெண்ணைக் கேட்டதற்காக அந்த மீசைக்காரர் பையனைத் துரத்தவேயில்லை. உடைந்த ஜன்னல் கண்ணாடிக்காகத்தான் அத்தனை ஓட்டமும். மாமன் கதையை எவ்வளவு மாற்றியிருந்தார் என்பது இப்போதுதான் தெரிகிறது.

அன்று எனக்கு இருந்தது கோபம் மட்டுமே. மறுநாள் அப்பாருவிடம், “கதையைக் கெடுத்துப்போட்டீங்க” என்றேன்.

“கெட்டுத்தான் போச்சு கண்ணு” என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார். “எப்படி வெரட்டோணும்னு நீயே சொல்லிக் குடு.”

அந்த வாரம் முழுவதும் சொல்லிக் கொடுத்தேன். நான் முன்னால் ஓட, அவர் மீசையை முறுக்கிக்கொண்டு களத்தைச் சுற்றிப் பின்னால் ஓடிவந்தார். மூச்சு வாங்க நின்று, சரியா என்று கேட்பார். இன்னும் கொஞ்சம் கோபம் வேண்டும் என்பேன். நாங்கள் அப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஊர்க்காரர்கள் மூங்கில் வெட்டிவந்து எங்கள் வாசலில் பந்தல் போட்டார்கள். எதற்கு என்று நான் யாரையும் கேட்கவில்லை. அடுத்த நாடகத்துக்கு இந்த முறை நிழலும் வேண்டும் என்று அவர்களுக்கே தோன்றியிருக்கிறது என நினைத்தேன்.