“உடையாது” என்று ஒட்டிய ஃபிரேம்

கந்தர்வக்கோட்டை இளமதி ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளர். விடுமுறை நாட்களில் உள்ளங்கை அளவு ட்ரோன்களைப் பந்தயத்தில் ஓட்டுவாள். விராலிமலையில் நடந்த போட்டியின் கடைசிச் சுற்றில் அவள்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நுழைந்து போக வேண்டிய வளையத்தில் லேசாக உரசியதுமே, மோட்டார்களைத் தாங்கும் பிளாஸ்டிக் ஃபிரேமின் ஒரு கை ஒடிந்து ட்ரோன் தரையில் விழுந்தது. இதற்கு முன் வாங்கிய ஃபிரேமும் அதே இடத்தில்தான் ஒடிந்திருந்தது.

மறுநாள் புதுக்கோட்டையில் அதை வாங்கிய கடைக்குப் போனாள். கடைக்காரர் ரகுநாத் உடைந்த துண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பொம்பளைப் புள்ளைங்க பயந்து பயந்து ஓட்டுவீங்க, அதான் இடிக்குது. ஃபிரேம்ல குறை இல்லைங்க.”

இளமதிக்குக் காதெல்லாம் சூடேறியது. அலமாரியிலிருந்து புது ஃபிரேம் ஒன்றை எடுத்து, அதன் கையை இரண்டு விரலால் வளைத்தாள். நடுத்தட்டோடு சேரும் இடத்தில் அது பட்டென்று முறிந்தது. அடுத்ததும் அப்படியே முறிந்தது.

“இதையும் நான் பயந்துதான் ஓட்டுனேனாங்க?”

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரகுநாத்தின் குரல் இறங்கியது. “வேற ஒண்ணு தாரேன், எடுத்துட்டுப் போங்க.”

“எனக்கு வேணாம். பெட்டிக்குப் பெட்டி ‘உடையாது’ன்னு ஒட்டி வச்சிருக்கீங்களே, அதக் கிழிங்க. இத நம்பி இன்னொருத்தர் ஏமாறக் கூடாது.”

கடைசிப் பெட்டியிலும் அவர் அதைக் கிழிக்கும்வரை இளமதி அங்கிருந்து நகரவில்லை.

அடுத்த போட்டிக்குத் தடித்த நைலான் ஃபிரேம் போட்டாள். கம்பத்தில் மோதியும் அது தாங்கியது. இளமதி மூன்றாவதாக வந்தாள்.