வெள்ளைத் தோட்டா

வசந்தாமணிக்கு ஹூஸ்டனில் ஓர் எண்ணெய்க் கருவிக் கம்பெனியின் லேபில் வேலை. கிணற்றுக்குள் உடைந்துபோன இரும்புத் துண்டுகள் அவள் மேஜைக்கு வரும். அவற்றை அறுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஏன் உடைந்தது என்று சொல்ல வேண்டும். துண்டை அனுப்புகிறவர்கள் எல்லோருமே "நாங்கள் சரியாகத்தான் பயன்படுத்தினோம்" என்பார்கள். பாதிப் பேர் சொல்வது பொய்யாக இருக்கும். அந்த வேலை அவள் சுபாவத்துக்குப் பொருந்தியதா, அல்லது சுபாவமே அந்த வேலையால் வந்ததா என்று அவள் கணவர் சுப்பையனுக்கே தெரியாது. ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் அவர்கள் வீட்டுப் பக்கத்துக் கடையில் பால் வாங்கினால்கூட, முன்வரிசையில் இருப்பதை விட்டுவிட்டுப் பின்னால் கை விட்டுத்தான் எடுப்பாள்.

லேபில் கூட வேலை பார்த்தவர்கள் நவம்பர் வந்தால் மான் வேட்டையைத் தவிர வேறு பேச மாட்டார்கள். ஒரு வருஷம் அவர்களோடு போய் அவளும் ஒரு மானைச் சுட்டாள். ஒரே குண்டில் விழுந்தது. அது அவளுக்கே ஆச்சரியம். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் போனாள். தெற்கு டெக்ஸாஸில் நீல்காய் இருக்கிறது என்று கேள்விப்பட்டது தொண்ணூற்றெட்டில். இந்தியாவிலிருந்து கொண்டுவந்து விட்ட, மாடு அளவுக்கு இருக்கும் மிருகம், புதரெல்லாம் பெருகிக் கிடக்கிறதாம்.

"நீல்காயா? அதென்ன, சாம்பார்ல போடுற காயா?" என்றார் சுப்பையன்.

"அறுநூறு பவுண்டுங்க. தோல் அவ்வளவு கெட்டியாம். சாதாரணக் குண்டு பட்டா ஓடியே போயிருமாம்."

எந்தத் துப்பாக்கி, எந்தக் குண்டு என்பதில்தான் சிக்கல். லேபில் ஒருவன் மானைச் சுடும் டூ செவன்டி துப்பாக்கியே தாராளம் என்றான். துப்பாக்கிக் கடைக்காரன் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அங்கிருந்ததிலேயே பெரிய துப்பாக்கியைக் காட்டினான். முதல் ஆள் நீல்காயைப் பார்த்திருப்பானா என்று அவளுக்குச் சந்தேகம். இரண்டாவது ஆள் விற்கிறவன். விலை கூடினதைத்தான் காட்டுவான், அதில் சந்தேகமே இல்லை.

அப்போதுதான் ஜெயபிரகாஷ் வந்தான். டாலஸ் பக்கம் காப்பெலில் சாஃப்ட்வேர் வேலை, கோபிச்செட்டிபாளையத்துக்காரன், அவளைவிட ஏழெட்டு வயது இளையவன். தமிழ்ச் சங்கத்தில் துப்பாக்கி வைத்திருக்கிற ஒரே ஆள் என்று பெயர். நீல்காய் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்திருக்கும் போட்டோ ஒன்று அவன் வீட்டு ஹாலில் இருந்தது. முகம் தொப்பி நிழலில் இருக்கும்.

"மூணு வருஷமாப் போறனுங்க்கா. த்ரீ ஹன்ட்ரட் மேக்னம் இருந்தாத்தான் ஆகும். எந்துப்பாக்கியவே எடுத்துக்குங்க. தோட்டா நானே லோட் பண்ணது. நூத்தியெம்பது கிரெய்ன் குண்டு, கெட்டி ஜாக்கெட். உள்ள போயி செதறாது, அப்படியே காளான் மாதிரி விரியும்."

வீட்டிலேயே மருந்து நிரப்பிக் குண்டைப் பொருத்திய மஞ்சள் பித்தளைத் தோட்டாக்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் குண்டின் மேல் போர்த்திய செம்பு ஜாக்கெட் கெட்டியா மெல்லியதா என்பது வெளியிலிருந்து எப்படித் தெரியும்? மெல்லிய குண்டாக இருந்தால் தோள் எலும்பிலேயே சிதறிவிடும். மிருகம் காயத்தோடு ஓடும். அவன் சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை. அவளுக்கு வராத ஒரே காரியம் அதுதான்.

ரேஞ்சுக்குப் போய் அந்தத் தோட்டாக்களையே போட்டுச் சுட்டு, அவன் கொடுத்த துப்பாக்கியின் குறிபார்க்கும் ஸ்கோப்பைச் சரிசெய்துகொண்டாள். இருநூறு கஜத்தில் குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. ஆனாலும் கடையில் அதே துப்பாக்கிக்கான ஒரு பெட்டித் தோட்டா வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வெள்ளை நிக்கல் பூச்சு போட்ட தோட்டாக்கள். ஜெயபிரகாஷிடம் சொல்லவில்லை.

ஜனவரியில் இருவரும் தெற்கு டெக்ஸாஸில் ரேமண்ட்வில் பக்கம், காசு வாங்கிக்கொண்டு வேட்டைக்கு விடும் ஒரு ராஞ்சுக்கு டிரைவ் பண்ணிப் போனார்கள். வழிகாட்டி ரூபன் ஜீப்பில் வந்து கை குலுக்கினான். "ரெண்டு பேருக்குமே இதுதான் முதல் தடவையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். "இந்தப் பக்கத்தில் உங்களைப் பார்த்ததே இல்லையே."

ஜெயபிரகாஷ் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். "வேற ராஞ்சுக்குப் போவேன்," என்று முனகினான். எந்த ராஞ்ச் என்று ரூபன் கேட்டபோது இரண்டாவது பூட்ஸைக் கட்டப் போய்விட்டான்.

வசந்தாமணி அதோடு விட்டிருக்கலாம். மூன்று வருஷம் என்று சொன்னது பொய்யென்றால், போட்டோ பொய். போட்டோ பொய்யென்றால் குண்டு மட்டும் எப்படி நிஜமாக இருக்கும்? மறுநாள் விடியும்போது மஞ்சள் தோட்டாக்களை எடுத்துவிட்டு வெள்ளைத் தோட்டாக்களைப் போட்டாள். தோட்டா மாறினால் குண்டு போய் விழும் இடமும் மாறும், மறுபடி சுட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்சம்தானே மாறும் என்று நினைத்துக்கொண்டாள்.

காளை நீல்காய் ஒன்று புல்வெளி ஓரத்தில் பக்கவாட்டில் நின்றது. கருநீல உடம்பு, தொண்டையில் வெள்ளைத் திட்டு. தோளைக் குறிபார்த்துச் சுட்டாள். அது முதுகைக் கூன்போட்டுக்கொண்டு மெஸ்கீட் முள்புதருக்குள் ஓடியது.

"வயித்துல பட்டிருச்சு," என்றான் ஜெயபிரகாஷ். அவள் போல்ட்டை இழுத்தபோது காலித் தோட்டாக்கூடு அவன் காலடியில் போய் விழுந்தது. எடுத்துப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது என்னுது இல்லீங்களே அக்கா."

அவள் காளை ஓடிய பக்கம் நடக்க ஆரம்பித்தாள். அவன் கூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

முள்ளிலும் சப்பாத்திக் கள்ளியிலும் ரத்தம் சொட்டுச் சொட்டாக இருந்தது. உச்சிவெயில் வரை நடந்தார்கள். முன்னால் போன ரூபன் கை காட்டினான். காளை ஒரு மேட்டில் நின்றுகொண்டிருந்தது, தலை தாழ்ந்து, பின்னங்கால்கள் ஆட. அதன் மூச்சு வசந்தாமணிக்குக் கேட்டது. ஜெயபிரகாஷ் அவள் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, வெள்ளைத் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினான். தன் பையிலிருந்து ஒரு மஞ்சள் தோட்டாவைப் போட்டான். சத்தம் அடங்குமுன் காளை விழுந்துவிட்டது.

தோலுரிக்கும்போது, ஜெயபிரகாஷ் சுட்ட குண்டு மறுபக்கத் தோலுக்கு உள்ளேயே நின்றிருந்தது. ரூபன் அதைத் துடைத்து வசந்தாமணியின் உள்ளங்கையில் வைத்தான். சிதறாமல், காளான் மாதிரி விரிந்திருந்தது.

திரும்பும்போது காரை ஜெயபிரகாஷ் ஓட்டினான். விக்டோரியா ஊரைத் தாண்டியதும் அவனே ஆரம்பித்தான்.

"போட்டோ ஆபீஸ் ஃப்ரெண்டோடது. நான் மானுக்கு மேல எதுவும் சுட்டதில்லீங்க. சும்மா சொல்லப்போயி, அப்படியே நின்னுருச்சு. ஆனா தோட்டா விஷயத்துல நான் வெளையாட மாட்டனுங்க்கா. ஒருவார்த்தை கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன்."

"கேட்டா நெசத்தத்தான் சொல்லுவீன்னு எப்படி நம்பறது?"

அவன் ரேடியோவைப் போட்டான்.

திங்கட்கிழமை மதியம், லேபில் எல்லோரும் சாப்பிடப் போனபோது அவள் அந்தக் குண்டை நடுவில் அறுத்து, பாலீஷ் பண்ணி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். கெட்டி ஜாக்கெட்தான். அடிப்பக்கம் எவ்வளவு தடிமன் இருக்க வேண்டுமோ அவ்வளவும் இருந்தது. காளை நின்றுகொண்டே மூச்சுவிட்ட சத்தம் திரும்பக் கேட்டது மாதிரி இருந்தது. மைக்ராஸ்கோப்பின் லைட்டை அணைத்தாள்.

சாயங்காலம் காப்பெலுக்கு ஃபோன் பண்ணினாள். "ஜேபி, நீ சொன்னது சரிதான். நாந்தான் தப்பு பண்ணிட்டேன். நல்ல குண்டு."

"அறுத்துப் பாத்தீங்களா?"

"ம்."

"கையில வெச்சுப் பாத்தமே, அது பத்தலீங்களா அக்கா உங்களுக்கு?" என்றான். கோபம் இல்லை, அலுப்பாக இருந்தது குரல். வேறு கால் வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவள் பங்காகக் கொண்டுவந்த நீல்காய்க் கறியில் கொஞ்சத்தைச் சுப்பையன் சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டு வறுத்தார். வேலை விஷயமாக டாலஸ் போனபோது கூலர் பெட்டியில் ஒரு பெரிய டப்பாவை வைத்து எடுத்துப்போய், ஜெயபிரகாஷின் மனைவி வான்மதியிடம் கொடுத்துவிட்டு வந்தார். ஜேபி வீட்டில் இல்லை என்றாளாம். கார் மட்டும் வாசலில் நின்றிருந்தது என்றார் சுப்பையன்.

மார்ச் மாதம் யாரோ தெரிந்தவர்கள் மூலம் டப்பா திரும்பி வந்தது. நன்றாகக் கழுவித் துடைத்து, மூடி போட்டு, காலியாக. வசந்தாமணி மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. சாப்பிட்டார்களா, கொட்டினார்களா என்று தெரியவில்லை. வான்மதியிடம் கேட்டால் சாப்பிட்டோம் என்றுதான் சொல்வாள்.