அணையாத ஏபிஎஸ் விளக்கு

பட்டறையில் அவரை எல்லோரும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடுகிற என்ஜின் பக்கம் காதைச் சாய்த்தே கோளாறைச் சொல்லிவிடுவார். அந்தப் பெருமை தலைக்கும் கொஞ்சம் ஏறியிருந்தது.

அவருடைய அக்காவின் பழைய காரில் முன்சக்கரம் ஒன்று உறுமியபோது, சக்கரத்தைச் சுழலவிடும் பேரிங்கை மாற்றிக் கொடுத்தவர் அவர்தான். அதன் பிறகு ஏபிஎஸ் விளக்கு எரிய ஆரம்பித்தது. திடீரென்று பிரேக் அடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது அந்த ஏபிஎஸ். அக்காவின் வீட்டுக்காரர், அதிர்ந்து பேசாத மனிதர், வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தச் சக்கரத்தின் வேகம் வரவில்லை என்று ஸ்கேனர் காட்டியது. டாக்டர் அந்த வேகத்தை அளக்கும் சென்சாரை மாற்றினார். விளக்கு அணையவில்லை. ஒயரை மாற்றினார். அப்போதும் அணையவில்லை.

"எரிஞ்சா எரியட்டும் மாமா. சாதா பிரேக் பிடிக்கும், ஓட்டுங்க" என்று அனுப்பிவிட்டார்.

மழை பெய்த ஒரு காலையில், குறுக்கே வந்த சைக்கிளுக்காக மாமா பிரேக்கை அழுத்தினார். சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. கார் வழுக்கிப் போய்க் கம்பத்தில் இடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குக் கை முறிந்தது.

நசுங்கிய வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தபோது கூட்டம் கூடிவிட்டது. டாக்டருக்கு ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

"மழையில இப்படியா ஏறி மிதிப்பாங்க? காலா மாமா அது, உலக்கையா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

இடித்ததில் சக்கரப் பகுதி வளைந்திருந்ததால் பேரிங்கை மறுபடி கழற்ற வேண்டி வந்தது. அதன் ஒரு முகத்தில் காந்தம் உண்டு. அந்த முகம்தான் உள்பக்கமாகச் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். ஏதோ சந்தேகம் தட்ட, டாக்டர் இரும்புத் தூளைத் தூவிப் பார்த்தார். உள்பக்கம் இருந்த முகத்தில் தூள் நிற்கவில்லை. வெளிப்பக்கம் இருந்ததில் கோடு கோடாக ஒட்டிக்கொண்டது. அவரே பக்கம் மாற்றி மாட்டியிருந்தார்; அதனால்தான் விளக்கு அணையவில்லை.

டாக்டருக்கு முகம் காது வரைக்கும் சுட்டது. பக்கத்தில் யாரும் இல்லை. குப்பையில் போட்டால் கதை முடிந்துவிடும். போடவும் மனசு வரவில்லை, சொல்லவும் வாய் வரவில்லை. வண்டி தயாராகி, மாமா பஸ்ஸில் வந்து இறங்கும்வரை தள்ளிப்போட்டார்.

"விளக்கு அணைஞ்சிருச்சு மாமா. நீங்களே ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க."

"வேணாம் மாப்ள. என் கால் மேல எனக்கே நம்பிக்கை போயிடுச்சு. உங்க அக்காவுக்குத் தலை வாரி விடறப்பல்லாம் நீ சொன்னதுதான் ஞாபகம் வருது."

டாக்டர் பழைய பேரிங்கை எடுத்து நீட்டினார். "இதை நான்தான் பக்கம் மாத்தி மாட்டிட்டேன். அதான் ஏபிஎஸ் வேலை செய்யல. உங்க கால்ல ஒரு தப்பும் இல்ல மாமா."

அன்று சிரித்தவர்கள் காதிலும் அது விழுந்தது. சுத்தியல் சத்தம் நின்றுபோனது.

மாமா பேரிங்கைப் புரட்டிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தான இருக்கு" என்று டாக்டருக்கே வக்காலத்து வாங்கினார். அதைவிட நாலு அறை விட்டிருந்தால் தேவலை போலிருந்தது டாக்டருக்கு.

வீட்டில் அக்கா விடவில்லை. "தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடா. அவரை ஏன்டா நாலு பேர் சிரிக்க விட்ட?"



மாமா அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் நாட்களில் டாக்டர் கூப்பிடாமலே வந்து ஓட்டினார். ஒவ்வொரு சிக்னலிலும் பக்கத்து சீட்டில் மாமாவின் பாதம், பிரேக் இல்லாத இடத்தில், மெல்ல அழுந்தி எழுந்தது. டாக்டர் பார்க்காத மாதிரி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.