நாலாவது குவார்ட்டரும் ஜன்னல் சீட்டும்

சாம்பியன் ரீப்ஸ் சம்பங்கியின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால், அதில் பாதிக்கு மேல் உட்கார்ந்த கதைதான் வரும். இதை வேறு யாரும் சொல்லவில்லை, அவரே சொல்வார். சாம்பியன் ரீப்ஸ் அவர் வாங்கிய பட்டம் இல்லை, தங்க வயலில் அவருடைய ஊர். பத்தொன்பது வயதில் தங்க வயல் கிளப்பின் பாஸ்கெட்பால் டீமில் சேர்ந்து பதினோரு வருஷம் ஆடினார். ஆடினார் என்பது மரியாதைக்கு. ஐந்து பேர் ஆட, இவர் பெஞ்சில் உட்கார்ந்து அவர்களுடைய வாட்ச்சையும் துண்டையும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார். விளையாட்டுக்காரன் என்ற பெயரில் சுரங்கத்தில் வேலை கிடைக்கும் என்று காத்திருந்தார். 2001-இல் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். "நான் எறங்கப் போறேன்னு சேதி போயிருக்கும், பயந்து மூடிட்டாங்கோ" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அப்பா சுரங்க ஷாஃப்டில் கேஜ் என்ற ஆள் ஏறும் கூண்டை ஏற்றி இறக்கியவர். மகன் பெங்களூரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் பார்த்துக்கொள்கிறார். அப்பா பூமிக்குள் மைல் கணக்கில் ஆட்களை இறக்கினார், இவர் பதினாலு மாடி ஏற்றுகிறார். குடும்பம் மேலே போய்க்கொண்டிருக்கிறது என்பார்.

காலையில் ரயில், சாயங்காலம் ரயில். திரும்பும்போது ஆறு இருபது வண்டிதான் அவருடைய வண்டி. அதில் மூன்றாவது பெட்டி, இடது பக்கத்து ஜன்னல் சீட். வண்டி புறப்படும் இடத்திலேயே வெங்கடசாமி ஏறி, கர்ச்சீஃப் போட்டு அந்த இடத்தைப் பிடித்து வைப்பார். சம்பங்கி கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் ஏறியதும் கர்ச்சீஃபை மடித்துக் கொடுத்துவிட்டு உட்காருவார். எட்டு பேர் கொண்ட கோஷ்டி அது. சட்டம் ஒன்றே ஒன்று: ஒரு நாள் வராதவனுக்கு மன்னிப்பு உண்டு, இரண்டாம் முறை கர்ச்சீஃப் வேறு ஆளுக்குப் போய்விடும். இடம் கேட்டு வாசலில் நாலு பேர் நின்றுகொண்டே வருகிறார்கள். பதினாறு வருஷமாகச் சம்பங்கி அந்தச் சீட்டைக் கட்டிக் காத்தார். ஆட்டத்திலே கிடைக்காத நிரந்தர இடம் ரயிலிலாவது கிடைத்ததே என்று அவருக்குப் பெருமை.

இப்படி இருந்தவரை எரிக் கூப்பிட்டான். பழைய கிளப் டீமில் பெஞ்சில் உட்காராத ஐவரில் ஒருவன். இப்போது பெங்களூரில் ஒரு தொழில்முறை டீமுக்குக் கோச். "மச்சான், ஆடின எங்க அஞ்சு பேருக்கும் பந்துதான் தெரிஞ்சிச்சு. ஆட்டத்தப் பாத்தவன் நீ ஒருத்தன்தான்" என்றான். எதிர் டீம்களின் ஆட்டத்தைப் போய்ப் பார்த்து, யார் எங்கிருந்து எப்படிப் போடுகிறான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு சீசனுக்கு ஒப்பந்தம். நன்றாகச் செய்தால் அடுத்த சீசனுக்கும் உண்டு. பெஞ்சில் உட்கார்ந்ததற்கு ஸ்கவுட் என்று ஒரு பட்டம் கொடுத்து உத்தியோகமும் போட்டுக் கொடுக்கிறார்களே என்று சம்பங்கிக்குக் கண் கலங்கியது. காலை ஷிஃப்ட் முடிந்ததும் போய்ப் பார்க்கலாம், ஆட்டங்கள் எல்லாம் பெங்களூர் உள்ளரங்கத்திலேயே, நாலரைக்குத்தான் தொடங்கும்.

அவர் எழுதிய முறை டீமுக்கு முதலில் விளங்கவில்லை. நோட்டில் மைதானத்தை வரைந்து, சுரங்கம் போல லெவல் பிரித்தார். கூடைக்கு அடியில் ஒன்றாம் லெவல். அங்கிருந்து ஒவ்வொரு அடுக்காகத் தள்ளிப்போனால், மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியே ஐந்தாம் லெவல். ஒரே மாதத்தில் ஆட்டக்காரர்களும் "அவன் அஞ்சாம் லெவல் ஆளு" என்று பேச ஆரம்பித்தார்கள். சம்பங்கி ரயிலில் காலை நீட்டி உட்கார்ந்து, இதை ஏழு பேருக்கும் ஏழு தரம் சொன்னார்.

அரையிறுதியில் ஹூப்ளி டீம் வந்து வாய்த்தது. அதன் ஃபார்வர்டு பிரதாப் ஆறடி ஐந்து அங்குலம். கை வைத்தால் பந்து கூடையில்தான். இரண்டு டீமும் மோதிய லீக் ஆட்டத்தில் அவன் கால் சுளுக்கி வெளியே இருந்ததால் எரிக்கின் பையன்கள் யாரும் அவனை எதிர்த்து ஆடியதில்லை. சம்பங்கி அவனுடைய ஆறு ஆட்டங்களைப் போய்ப் பார்த்தார். எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள், இவர் காலைப் பார்த்தார். பந்து வருவதற்கு முன்பே பிரதாப்பின் இரண்டு பாதமும் கூடையைப் பார்த்துத் திரும்பிவிடும். கைக்கு வந்த பந்து ஒரு விநாடி தங்காது. தன் டீம் ஆள் மறித்து நிற்கும் ஸ்க்ரீனைச் சுற்றி வலது மூலைக்கு ஓடுவான், அங்கே ஐந்தாம் லெவலில் நின்று போட்டால் பத்தில் ஐந்து விழும். எம்பும்போது இடது தோள் கொஞ்சம் இறங்கும். இதெல்லாம் எழுதி, கடைசியில் தடித்த எழுத்தில் எழுதினார்: 'பந்து வந்தபின் ஓடினால் பிரயோசனமில்லை. முன்பே ஒட்டிக்கொள். அவன் எம்பினால் நீயும் எம்பு. இவன் பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே போகிற ஆள் இல்லை. இடது பக்கம் போகவே மாட்டான்.'

எரிக் அதைப் படித்துவிட்டு அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். டீம் மொத்தமும் அதை மனப்பாடம் செய்தது.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது சம்பங்கி தன் மனைவி ஷோபாவிடம் இதை அளந்துகொண்டிருந்தார். ஷோபா பீர்க்கங்காய்க் கூட்டை அவர் தட்டில் போட்டபடியே கேட்டார்.

"இன்னாங்க, லெஃப்ட்ல போகமாட்டானா? கடைசியில எப்பப் பாத்தாலும் லெஃப்ட்லதானே பூந்து போட்றான்?"

"எந்தக் கடைசி?"

"நாலாவது குவார்ட்டரு. போன்ல காட்றாங்களே, நான் பாக்கறேன். சமையல் முடிச்சிட்டு ஒக்காந்தா அதான் வரும். போடற மாதிரி கையத் தூக்கறான், இவங்க எகிர்றாங்க, அவன் கீழயே லெஃப்ட்ல பூந்துனு போயி போட்டுட்றான். இல்லன்னா ஃபவுல் வாங்கிக்கறான். தூரத்துல இருந்து போட்டா எட்டறதில்ல, கால் ஓஞ்சிப் போவுது பாவம்."

சம்பங்கியின் கையில் இருந்த சோறு கையிலேயே நின்றது. போனில் ஆட்டம் பார்ப்பதை அவர் எப்போதும் கேலி செய்தவர். போன்காரன் பந்தைத்தான் காட்டுவான், காலைக் காட்டமாட்டான் என்பது அவருடைய சித்தாந்தம். மூன்று குவார்ட்டர் ஆடியவன் நாலாவதிலும் அப்படித்தான் ஆடுவான் என்பது இன்னொரு சித்தாந்தம். இந்த இரண்டாவது சித்தாந்தம் எப்போது பிறந்தது என்று அன்றைக்குத்தான் யோசித்தார். மூன்றாவது குவார்ட்டர் ஐந்தே முக்காலுக்கு முடியும். உடனே கிளம்பினால்தான் ஆறு இருபது வண்டி.

ஆறு ஆட்டம் என்ன, அந்த சீசனில் ஓர் ஆட்டத்தைக்கூட அவர் முழுதாகப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க, சொல்லலாமா வேண்டாமா என்று லிஃப்டோடு சேர்ந்து மேலும் கீழும் போய்வந்தார். சொன்னால் அடுத்த சீசன் ஒப்பந்தம் போச்சு. ஐம்பதை நெருங்குகிற வயதில் தனக்குக் கிடைத்த ஒரே மரியாதை, அதுவும் போச்சு. சொல்லாவிட்டால் பையன்கள் பிரதாப் கையைத் தூக்கியதும் அவர் எழுதிக் கொடுத்தபடியே எம்புவார்கள். மூன்று குவார்ட்டர் சரியாக நடக்கும். நாலாவதில் பன்னிரண்டு பையன்களின் ஒரு வருஷ உழைப்பு இடது பக்கமாகப் போய்விடும்.

சனிக்கிழமை மதியம் உள்ளரங்கத்தின் உடை மாற்றும் அறை வாசலில் எரிக்கைத் தனியாக இழுத்தார்.

"கோச், ஒண்ணு சொல்லணும். நான் எந்த மேட்ச்சையும் கடைசி வரைக்கும் பாத்ததில்ல."

எரிக் சிரித்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "எந்த மேட்ச்சையுமா? ஏண்டா?"

"வண்டி."

"ஆறு இருபதுக்கப்பறம் ஏழரைக்கு இன்னொண்ணு கீதே, எனக்குத் தெரியாதா?"

சம்பங்கி தரையைப் பார்த்தார். பொய் சொல்ல நல்ல வாய்ப்பு. ஷோபாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் தனியாக இருக்கிறாள் என்று எத்தனையோ இருந்தன. "அதுல சீட் கெடைக்காது" என்றார். "வெங்கடசாமி ஆறு இருபதுலதான் கர்ச்சீஃப் போட்றாரு."

"ஒரு ஜன்னல் சீட்டுக்காடா?" என்றான் எரிக். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் சம்பங்கிக்குத் தேவலையாக இருந்திருக்கும். பெஞ்சில் இருந்த காலத்தில்கூட எரிக் அவரிடம் அப்படி இரக்கப்பட்டுப் பேசியதில்லை. ஷோபா சொன்னதை அவர் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார்.

"போன் போடு அவங்களுக்கு."

பன்னிரண்டு ஆட்டக்காரர்களும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கம் குக்கர் கூவியது. ஷோபா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, தமிழிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றிப் பேசினார். யாரும் குறுக்கிடவில்லை. "தம்பிங்களா, மூணு குவார்ட்டரு எங்க வூட்டுக்காரரு எழுதினதுதான் கரெக்டு, ஒட்டிக்கினே இருங்க. நாலாவதுல மட்டும் அவன் கையத் தூக்கினா நீங்க எகிறாதீங்க. லெஃப்ட்ட மூடிட்டு நில்லுங்க. போட்டா போடட்டும், எட்டாது" என்றார். ஓர் ஆட்டக்காரன், அவன் எப்போது களைக்கிறான் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டான். "இடுப்புல கை வெச்சிக்குவாம்பா. அதுக்கப்பறம் தூரத்துல இருந்து ஒண்ணும் எட்டாது."

ஆட்டம் தொடங்கியது. மூன்று குவார்ட்டரும் சம்பங்கியின் நோட்டுப்படியே நடந்தன. ஒட்டிக்கொண்டு நின்றும் பிரதாப் பதினெட்டு பாயிண்ட் எடுத்தான், ஒட்டாமல் இருந்தால் முப்பது எடுத்திருப்பான். மூன்றாவது முடிந்த மணி அடித்ததும் சம்பங்கியின் கால்கள் அவரைக் கேட்காமலே எழுந்து நின்றன. பை தோளுக்கு வந்துவிட்டது. பின் வரிசைக்காரர் "உக்காருங்க சார், மறைக்குது" என்றார். அவர் உட்கார்ந்தார். இனிக் கிளம்பினாலும் வண்டி கிடைக்காது என்று ஆனபோது, வெங்கடசாமி கர்ச்சீஃபை எடுத்து வாசலில் நிற்பவனைக் கூப்பிடப்போவது கண்ணில் தெரிந்தது. பிறகு அதுவும் மறந்துபோயிற்று.

அவர் நாலாவது குவார்ட்டரைப் பார்த்தார். வேறு ஆட்டம் அது. மூன்று குவார்ட்டர் கம்பீரமாக ஆடியவர்கள் வாயால் மூச்சு விட்டார்கள், சட்டையைக் கடித்தார்கள், ஒருவரை ஒருவர் திட்டினார்கள். யார் யார் எப்படிப்பட்டவன் என்பது அந்தப் பத்து நிமிஷத்தில்தான் தெரிந்தது. இதைத்தான் இத்தனை நாளும் விட்டுவிட்டுப் போனோமா என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

பிரதாப் இடுப்பில் கை வைத்தான். அடுத்த பந்தில் கையைத் தூக்கினான். யாரும் எம்பவில்லை. இடது பக்கம் திரும்பினான், அங்கே இரண்டு பேர் நின்றார்கள். மறுபடி முயன்றான், மறுபடியும் அதே சுவர். கடைசி ஆறு விநாடி, எரிக்கின் டீம் ஒரு பாயிண்ட் முன்னால். பிரதாப் வேறு வழியில்லாமல் வலது மூலைக்குப் போய், தன் சொந்த இடத்தில் நின்று, பாதங்களைத் திருப்பி எம்பினான். இடது தோள் இறங்கியது. சம்பங்கியின் நோட்டில் முதல் பக்கத்தில் இருக்கும் அதே ஷாட். பந்து கூடையின் முன் விளிம்பில் தட்டிக் கீழே விழுந்தது.

எல்லாரும் குதித்தபோது சம்பங்கி மட்டும் குதிக்கவில்லை, முட்டி பிடித்துக்கொண்டிருந்தது. எரிக் வந்து அவர் தோளில் ஓர் அடி போட்டான். "அடுத்த சீசனுக்கு ரிப்போர்ட்ல ரெண்டு பேரும் இருக்கணும். அவங்க பேரு முதல்ல" என்றான்.

ஏழரை வண்டியில் சீட் இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் ஷோபாவின் போன் வந்தது.

"சீட்டு கெடச்சிச்சா?"

"நின்னுனுதான் வரேன். நீ சொன்ன மாதிரியே எட்டல ஷோபா. இதெல்லாம் எப்பிடி இத்தினி நுணுக்கமாப் பாத்த? உனக்கு இந்த ஆட்டமே பிடிக்காதே."

"ஆட்டத்தப் பாக்கவா போனத் தொறந்தேன்? கேமிரா கும்பல் பக்கமா திரும்புமில்ல, உங்க மூஞ்சி தெரியுமான்னு பாப்பேன். ஒவ்வொரு வாட்டியும் உங்க சேர் காலியாதான் இருக்கும். அப்பறம் வேற இன்னா பண்றது, அந்தப் பிரதாப்பயே பாத்துனு இருந்தேன்."

வண்டி ஆடியதில் இன்னொரு கையாலும் கம்பியைப் பிடிக்கப் போய், போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இன்னிக்குத் தெரிஞ்சேனா?"

"தெரிஞ்சீங்க. வாயப் பொளந்துனு ஒக்காந்திருந்தீங்க. பங்காருபேட்டை வந்தா சொல்லுங்க, தோசைக் கல்லு வெக்கறேன்."